எழுமாத்தூர் தாண்டி நின்ற வண்டி

பானெட்டைத் தொறக்காதீங்க டீச்சர். அப்படியே இருக்கட்டும். வந்து எறங்கினதும் உங்க கை அங்கதான் போகுது பாருங்க. எல்லாருக்கும் அதே பழக்கந்தான். வண்டி மக்கர் பண்ணினா மொதல்ல பானெட்டைத் தூக்கி முட்டுக் குடுத்துட்டு உள்ள எட்டிப் பாக்கறது. எங்களை மாதிரி மெக்கானிக்குகளுக்கு அது கோயில் வாசல்ல செருப்பைக் கழட்டற மாதிரிங்க. யோசிக்கறதே இல்ல. ஆனா இந்தக் கோளாறைப் பிடிக்கணும்னா தொறக்கவே கூடாது.

வண்டி ஓடிட்டே இருக்கட்டும். ஏசியும் ஓடட்டும். வெயில்லயே நிக்கட்டும், மரத்தடிக்கு வேண்டாம். நல்லாச் சூடாகோணும். முக்கா மணி நேரங்கூட ஆகும். நீங்க இந்த ஸ்டூல்ல உக்காருங்க. ஃபேனை உங்க பக்கம் திருப்பி விடறேன்.

நீங்க சொன்னதை நான் ஒருக்கா திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க. காலைல ஸ்கூலுக்குப் போகையில ஒண்ணும் ஆகறதில்ல. சாயங்காலம் திரும்பி வரும்போது, ஓட்டிட்டு இருக்கப்பவே நின்னு போகுது. உதறல் இல்ல, இருமல் இல்ல, சும்மா அணைஞ்சு போகுது. இருபது நிமிசம் கழிச்சு சாவியைத் திருப்பினா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது. காங்கேயத்துல ரண்டு பேருகிட்டக் காட்டினீங்க, ரண்டு பேரும் உங்களுக்கு ஓட்டத் தெரியலைன்னு சொன்னாங்க. வீட்டுல சாரும் அதையே சொல்றாரு. சரிங்களா?

சரி. நிக்கறப்போ மீட்டர்ல அந்த முள்ளு என்ன பண்ணுது? வேகம் காட்டற முள்ளு இல்லீங்க, பக்கத்துல இஞ்சின் சுத்தறதைக் காட்டுமே, அது. கவனிச்சதில்லையா. பரவாயில்லீங்க. என் தங்கச்சி கவனிச்சா.

அவ பேரு பூங்கொடி. எனக்கு அஞ்சு வருசம் எளையவ. இதே வெள்ளகோயில்தான், பின்னாடி வீதில நம்ம வீட்டோடதான் இருக்கறா இப்ப. அவ வீட்டுக்காரரு தெய்வசிகாமணி. எனக்கு மாப்ள. நூல் மில்லுல சூப்பர்வைசரா இருந்தாரு. நல்ல மனுசனுங்க. நல்ல மனுசன்னு எல்லாருந்தான் எல்லாரையும் சொல்வாங்க, நான் சும்மா சொல்லலைங்க. எங்க வீட்டுல பொண்ணு எடுத்து இருபது வருசத்துல, என்னைய ஒரு வார்த்தை கோவமாப் பேசினதில்ல. நான் பேசியிருக்கறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவருக்கு கிட்னி போயிருச்சுங்க. நாப்பத்தெட்டு வயசுல. வாரத்துக்கு மூணு நாள் ஈரோட்டுக்குப் போய் டயாலிசிஸ் பண்ணோணும். திங்கள், புதன், வெள்ளி. பஸ்ல போய்ட்டு வந்தாங்க கொஞ்ச நாள். திரும்பி வரும்போது அந்த மனுசனால கம்பியப் புடிச்சு நிக்க முடியலைங்க. அப்பத்தான் பூங்கொடி சொன்னா, அண்ணா, எனக்கு ஒரு கார் பாத்துக் குடுங்க, நானே ஓட்டிக்கறேன்னு. நாப்பத்தி மூணு வயசு. சைக்கிள்கூட ஓட்டினதில்ல. முப்பது நாள்ல ஓட்டப் பழகிட்டா. நான்தான் பழைய வண்டி ஒண்ணு பாத்துக் குடுத்தேன், வெள்ளைக் காரு, பெட்ரோல். இஞ்சினைக் கேட்டுப் பாத்துத்தான் குடுத்தேன். நல்ல இஞ்சின்.

இதோ பாருங்க, பத்து நிமிசம் ஆச்சு. ஓடுது. ஓடட்டும்.

ரண்டு மாசம் ஓடுச்சுங்க. அப்புறம் ஒரு நாள் வந்து, அண்ணா, வண்டி நடு ரோட்டுல நின்னு போச்சுங்கண்ணான்னா. எங்க நின்னுச்சுன்னேன். முத்தூரு தாண்டி. இப்ப எப்படி வந்தேன்னேன். கொஞ்ச நேரங்கழிச்சு அடிச்சேன், வந்துருச்சுன்னா. நான் பானெட்டைத் தூக்கினேன். வயரைப் புடிச்சு ஆட்டிப் பாத்தேன், பிளக் பாத்தேன், பெட்ரோல் பம்ப் பாத்தேன். கோளாறு பாக்கற கம்ப்யூட்டரை மாட்டினேன். ஒரு கோளாறும் காட்டலைங்க. சுத்தமா இருந்துச்சு. மறுநா விடியக்காலம் ஆறு மணிக்கு எடுத்துட்டுப் போய் முத்தூரு வரைக்கும் ஓட்டிட்டு வந்தேன். ஜம்முனு ஓடுச்சு. வண்டில ஒண்ணுமில்ல அம்மிணி, நீ கிளட்ச்சை முழுசா மிதிக்காம அரை கிளட்ச் போடறேன்னு சொல்லிட்டேன்.

ஏன் ஆறு மணின்னு கேளுங்க. ஒம்பது மணிக்கு மேல கடைல கூட்டம் வந்துரும், தங்கச்சி வண்டியத் தூக்கிட்டுச் சுத்த முடியாது. அதனால எப்பவும் ஆறு மணி. பனி பேஞ்ச ரோடு, நான் ஒருத்தன், ஏசி இல்ல. அந்த வண்டிக்கு அதைவிடச் சொகம் என்னங்க வேணும்.

மறுபடி வந்தா. மறுபடி பானெட்டைத் தூக்கினேன். மறுபடி ஒண்ணுமில்ல. மூணாவது தடவை. நாலாவது தடவை. அப்ப ஒருக்கா பூங்கொடி சொன்னா, இதே எடத்துல நின்னுட்டு. அண்ணா, வண்டி நிக்கறதுக்கு முன்னால முள்ளு விழுந்துருதுங்கண்ணா. வண்டி உருண்டுட்டுதான் இருக்குது, கியர்லதான் இருக்குது, ஆனா அந்த முள்ளு மட்டும் செத்தாப்ல கீழ விழுந்துருது. அப்புறம் நான் எத்தனை தடவை சாவியைத் திருப்பி செல்ஃப் அடிச்சாலும் அது அசையவே மாட்டேங்குதுன்னா.

நான் என்ன சொன்னேன் தெரியுங்களா. முள்ளைப் பாக்காத, ரோட்டைப் பாருன்னேன். கடைல வேலை பாக்கறவங்க எல்லாம் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அவளும் கொஞ்சம் சிரிச்சா, பாவம்.

டீச்சர், நீங்க படிச்சவங்க, உங்களுக்குப் புரியும். இஞ்சினுக்குள்ள ஒரு பல்லுச் சக்கரம் சுத்துது. அறுவது பல்லு இருக்க வேண்டிய எடத்துல ரண்டு பல்லு இருக்காது, காலியா விட்டிருப்பாங்க. பக்கத்துல சுண்டுவெரல் கனத்துல ஒரு சென்சார். கிராங்க் சென்சார்ம்போம். அந்தக் காலி எடம் தன்னைத் தாண்டறப்பல்லாம் அது வண்டிக்குள்ள இருக்கற கம்ப்யூட்டருக்குச் சொல்லும், இஞ்சின் இப்ப இந்த எடத்துல நிக்குதுன்னு. அதை வெச்சுத்தான் கம்ப்யூட்டரு பெட்ரோலைத் தெளிக்கறது, நெருப்பைக் குடுக்கறது எல்லாம். அந்தச் சேதி வரலைன்னா கம்ப்யூட்டருக்கு இஞ்சின் சுத்தறதே தெரியாது. சும்மா நிக்குதுன்னு நெனச்சுக்கும். சும்மா நிக்கற இஞ்சின் மேல அது என்னத்தைங்க கோளாறு எழுதும். அதனாலதான் நம்ம கம்ப்யூட்டரை மாட்டினா சுத்தமா இருக்குது. அந்த முள்ளுக்கும் அதே சேதிதான் போகுது. சேதி நின்னா முள்ளு விழுந்துரும். செல்ஃப் அடிக்கையில முள்ளு லேசாத் துடிக்கோணும், துடிக்கலைன்னா சென்சார்தான்.

அவ சொன்னது அதுதானுங்க. முப்பது வருசம் தொழில் பண்ணினவனுக்கு, முப்பது நாள் வண்டி பழகினவ, கையில எடுத்துக் குடுத்தாப்ல சொல்லியிருக்கா.

சென்சாருக்குள்ள மெல்லிசா ஒரு கம்பிச் சுருள். எங்கியோ முடி அளவுக்கு விரிசல் விட்டிருக்கும். குளிர்ந்து இருக்கையில ஒண்ணோடொண்ணு ஒட்டிட்டு இருக்கும், சூடேறினா விலகிரும். பானெட்டைத் தூக்கினா காத்துப் பட்டு ஆறிப் போகுதா, மறுபடி ஒட்டிக்கும். நான் ஒவ்வொரு தடவையும் பானெட்டைத் தூக்கித் தூக்கி அதைச் சரி பண்ணி அனுப்பியிருக்கறேன். எந்த ஊர்க்காரன் பண்ணுவான் இதை. மெக்கானிக்தான் பண்ணுவான்.

ஆனா அன்னிக்குத் தெரியலைங்களே. அன்னிக்கு நான் என்ன பண்ணினேன், அவளை மாரியம்மன் கோயில் மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போய் வட்டம் வட்டமா ஓட்ட விட்டேன். பக்கத்துல உக்காந்துட்டு, கிளட்ச்சை முழுசா மிதி, முழுசா விடுன்னு கத்தினேன். ஒரு வெள்ளைத் தாள்ல 'அரை கிளட்ச் போடாதே'ன்னு பெருசா எழுதி அவ கண்ணுக்கு எதுக்க டேஷ்போர்டுல ஒட்டி விட்டேன். அதை அவ எடுக்கவே இல்லைங்க. ஒவ்வொரு நாளும் சாமி கும்பிடறாப்ல படிச்சுட்டுத்தான் வண்டிய எடுப்பாளாம். மாப்ள சொல்லிச் சிரிப்பாரு. சிரிச்சுட்டு, மச்சான், இவ நல்லாத்தான் ஓட்டறா, நான் பக்கத்துலயே உக்காந்திருக்கறேன்ல, வண்டிலதான் என்னமோ இருக்குதும்பாரு. உங்களுக்கென்ன மாப்ள தெரியும், நீங்க நூல் மில்லும்பேன். ஆமாங்க மச்சான்னுட்டு விட்டுருவாரு.

அப்புறம் அவ சொல்றதையே நிறுத்திட்டா. சரியாகிருச்சுன்னு நான் நெனச்சுட்டேன். சரியாகலை. நின்னா ஓரங்கட்டிட்டு இருபது நிமிசம் உக்காந்திருக்கறது, அதைப் பழக்கம் பண்ணிட்டாங்க புருசனும் பொண்டாட்டியும். தூக்குப் போசில மோர் எடுத்துட்டுப் போவாங்களாம். அவருக்குத் தண்ணி அளவாத்தான் குடுக்கோணும், அவருக்கு ஒரு மூடி, இவளுக்கு ஒரு டம்ளர். அப்படி உக்காந்து பேசிட்டு இருப்பாங்களாம். அதெல்லாம் எனக்கு அப்புறமேலுக்குத்தான் தெரியும்.

ரண்டு வருசம் ஆச்சுங்க, சித்திரை மாசம், ஒரு புதன்கிழமை. அன்னிக்கு மாப்ளைக்குக் காலைல இருந்தே மூச்சு வாங்கியிருக்குது. பத்தரைக்குக் கெளம்பியிருக்காங்க. எழுமாத்தூர் தாண்டினதும் வண்டி நின்னு போச்சு.

பதினொண்ணே காலுக்கு எனக்குப் போன். அண்ணா, வண்டி நின்னுருச்சு, இவருக்கு மூச்சு ரொம்ப வாங்குதுங்கண்ணா. நான் ஒரு வண்டிக்கு அடில படுத்துக் கெடந்தேன். வெளில வந்து போனைக் காதுல வெச்சேன். நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க டீச்சர்? ரோட்டுல போற எதையாச்சும் கைகாட்டி நிறுத்து, ஏத்திட்டுப் போன்னுதானே சொல்லியிருப்பீங்க. சின்னப் பையனைக் கேட்டாக்கூட அதைத்தான் சொல்வான். நான் சொன்னேன், பதறாத, கிளட்ச்சை முழுசா மிதி, ஆக்சிலேட்டரைத் தொடாத, இப்ப அடின்னு. அடிச்சா. வரலை. கால எடுத்துட்டு மறுபடி மிதின்னேன். மிதிச்சா. முள்ளு அசையலீங்கண்ணான்னா. முள்ளை விட்டுத்தொலைன்னு திட்டினேன். மறுபடி அடின்னேன். அந்த செல்ஃப் சத்தம் போன்ல எனக்குக் கேக்குது, கொஞ்சங் கொஞ்சமா பேட்டரி எறங்கி எறங்கி வருது, நான் சொல்லிட்டே இருக்கறேன், அவ மிதிச்சுட்டே இருக்கறா. பதினாலு நிமிசம். போன்ல பாத்தேன் அப்புறம், பதினாலு நிமிசம்னு காட்டுச்சு.

நடுவுல மாப்ள குரல் கேட்டுச்சுங்க. ரொம்ப மெதுவா. மச்சான், அவளைத் திட்டாதீங்க மச்சான்னாரு.

இருங்க டீச்சர். ஒரு நிமிசம்.

அதுதான் அந்த மனுசன் எங்கிட்டக் கடைசியாச் சொன்னது. அப்புறமாத்தான் எனக்கு உறைச்சு, ஆம்புலன்சைக் கூப்புடுன்னேன். அது வந்துச்சு, வேகமாத்தான் வந்துச்சு, யாரையும் குத்தம் சொல்ல முடியாது. மொடக்குறிச்சி தாண்டறப்பவே போயிட்டாருன்னுட்டாங்க.

எங்க பக்கத்துல ஒரு மொறை இருக்குதுங்க. உங்க பக்கமும் இருக்கும். புருசன் போயிட்டா அந்தப் பொண்ணுக்குப் பொறந்த வீட்டுல இருந்து கோடி கொண்டு போகோணும். பொறந்தவன்தான் போடோணும். எங்க அப்பன் ஆத்தா இல்ல, ஒரே பொறந்தவன் நான். புதுச்சேலைய மடிச்சு ரண்டு கையில ஏந்திட்டு அந்த வாசல்ல நிக்கறேன். என்னைப் பாத்து என்ன சொல்லப் போறாளோன்னு இருந்துச்சு. உன்னாலதான்னு சொல்லட்டும், மூஞ்சில காறித் துப்பட்டும், வாங்கிக்கலாம்னுதான் போனேன். பதினாலு நிமிசம் வீணடிச்சுட்டேனேன்னு எனக்குத் தெரியும்ல.

அவ என் கழுத்தைக் கட்டிட்டா. அண்ணா, நீங்க சொன்னாப்லயேதான் மிதிச்சேனுங்கண்ணா, எனக்குத்தான் வரலை. நீங்க அத்தனை தடவை சொல்லிக் குடுத்தீங்க, நான் கத்துக்கலை, நான்தான் இவரைக் கொன்னுட்டேன்னு அழுதா. ஊரே நிக்குது. நான் ஒண்ணுமே சொல்லலை. கோடிய மேல போட்டுட்டு வந்துட்டேன். ஏன்னா டீச்சர், அன்னிக்கு நானும் அதைத்தான் நெனச்சுட்டு இருந்தேன். பாவம், இவளுக்கு ஓட்ட வரலையேன்னு.

இருபத்தஞ்சு நிமிசம் ஆச்சு. நிக்கும், நிக்கும். அவசரப்படாதீங்க.

வண்டி எழுமாத்தூர் பக்கம் ஒரு லேத்துப் பட்டறைல கெடந்துச்சு. காரியம் முடிஞ்சு நான்தான் எடுக்கப் போனேன். புது பேட்டரி போட்டேன், ஒரே சாவில வந்துருச்சு. பகல் ஒரு மணி. கண்ணாடிய ஏத்திட்டு ஏசிய போட்டேன், அவங்க போற மாதிரியே. டேஷ்போர்டுல நான் எழுதின தாளு அப்படியே ஒட்டியிருக்குது. முத்தூருக்கு முன்னால, நாலாவது கியர்ல, கிளட்ச்சுல என் காலே இல்ல, முள்ளு விழுந்துச்சு. பாத்துட்டே இருக்கறேன், அது விழுந்துச்சு. வண்டி உருண்டு போய்ப் புளியமரத்துக்கிட்ட நின்னுச்சு.

நான் எறங்கலை. பானெட்டைத் தொறக்கலை. சாவியைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன், முள்ளு அசையலை. அவ சொன்ன அத்தனையும் ஒவ்வொண்ணா நடந்துச்சு. அந்த வெயில்ல கண்ணாடிய ஏத்திட்டு உள்ள உக்காந்து அழுதனுங்க. சத்தம் போட்டு அழுதேன். மாப்ளைக்கு ஒருக்கா, அவளுக்கு ஒருக்கா.

கடைக்குக் கொண்டாந்து சென்சாரைக் கழட்டி மீட்டர் வெச்சுப் பாத்தேன். நல்லாத்தான் காட்டுச்சு. டீ போடற அடுப்புல தண்ணியக் கொதிக்க வெச்சு, மொதல்ல ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கட்டி உள்ள எறக்கினேன். மீட்டர்ல நம்பர் ஏறிட்டே போச்சு, ஏறிட்டே போயி ஒரேயடியா அறுந்து போச்சு. வெளில எடுத்தேன், ஆறுச்சு, மறுபடி நம்பர் வந்துச்சு. பத்து தடவை பண்ணியிருப்பேன். அன்னில இருந்து இந்தக் கோளாறுன்னா எங்கிட்டத்தான் அனுப்பறாங்க. கரூர்ல இருந்தெல்லாம் வர்றாங்க. உங்களையும் யாரோ சொல்லித்தானே அனுப்பினாங்க.

தங்கச்சிகிட்டயா? என்ன கேக்கறீங்க? சொல்லிட்டேனான்னா?

சொல்லோணுங்க. மொதல்ல நாப்பது நாள் போகட்டும்னு இருந்தேன். சொந்தக்காரங்க வந்து போயிட்டு இருக்கையில எப்படிச் சொல்றது. அப்புறம் வருசத் தெவசம் முடியட்டும்னு இருந்தேன். இப்பத்தான் ஏதோ நாலு வாய் திங்கறா. பழையதைக் கிளறி விட்டா மறுபடி படுத்துக்குவா. அவளுக்காகத்தான் பாக்கறேன். எனக்கென்னங்க, எனக்கு ஒரு நிமிசம் ஆகாது சொல்றதுக்கு. உங்ககிட்டச் சொல்லலையா? காரைக் கொண்டு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டுத்தான் இருக்கறேன்.

வண்டிய அப்புறம் அவ தொடலை. ஸ்டீரிங் பக்கம் கையே போகலை. கடைவீதிக்கும் நடைதான். எங்க வீட்டுல அவ வெச்சுக் குடுக்கற கொழம்புதான் எனக்கு. எனக்குப் பிடிச்சதாப் பாத்துப் பாத்துச் செய்வா. என் பொண்டாட்டிகிட்ட, அண்ணன் இல்லைன்னா நான் எங்கே போவேன் அண்ணிம்பா. போன மாசம் ஒரு அம்மா வண்டி கொண்டு வந்திருந்தாங்க. இவ சாப்பாடு கொண்டாந்தவ, அந்தம்மா கையப் புடிச்சுட்டு, அண்ணன் சொல்றதை நல்லாக் கேட்டுக்கங்க, நான் கேக்கலை, என் புருசனை முழுங்கிட்டேன்னு சொல்றா. நான் பாத்துட்டு நின்னேன். அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கலை. ஆனா அவளுக்கும் ஒரு மனசாந்தி வேணுமில்லீங்க. யார்கிட்டயாச்சும் சொல்லி ஆத்திக்கறா. இருக்கட்டும்.

அப்படிப் பாக்காதீங்க டீச்சர்.

பாருங்க, பாருங்க, நின்னுருச்சு. உள்ள எட்டி மீட்டரைப் பாருங்க. நான் சாவியைத் திருப்பறேன். செல்ஃப் சுத்துது, முள்ளு துடிக்குதா? இல்லல்ல. உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க. நீங்க ஓட்டறதுல ஒரு தப்பும் இல்ல. சார்கிட்டப் போய்ச் சொல்லுங்க, குழந்தைவேல் மெக்கானிக் சொன்னாருன்னு. அட, என்னங்க டீச்சர், கண்ணைத் தொடைங்க. இத்தனை நாளா அவ்வளவு பாரமா வெச்சுட்டு இருந்தீங்களா? இந்த ஒரு வார்த்தைக்கா?

தொடைச்சுக்கங்க. அவ வர்றா. ஆமாங்க, தங்கச்சிதான், சாப்பாடு கொண்டு வர்றா. டீச்சர், கும்பிட்டுக் கேட்டுக்கறேன், நீங்க ஒண்ணும் சொல்லிராதீங்க. நான் சொல்லிக்கறேன். நானே சொல்லிக்கறேன். இன்னிக்கே சொல்லிர்றேன்.

வா அம்மிணி. இந்த வெயில்ல நடந்தா வந்தே. அங்க நெழல்ல வெய்யி. இவங்களா, டீச்சருங்க, காங்கேயத்துல இருந்து வந்திருக்காங்க. வண்டி ஓட ஓட நின்னு போகுதாமா.

என்ன கோளாறா?

ஒண்ணுமில்ல அம்மிணி. வண்டி நல்லாத்தான் இருக்குது. டீச்சரு கிளட்ச்சைச் சரியா மிதிக்கறதில்ல.